குந்திப் பார்த்தவர் சொன்னால் கேள்

கோலார் தங்கவயலில் மோட்டார் சைக்கிள் மக்கர் செய்தால் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் போதும். உங்கள் தோளுக்குப் பின்னால் இன்னொரு தலையும் எட்டிப் பார்க்கும். "என்னா தம்பி, ரிசர்வா?" என்று கேட்கும். அது ரிசர்வ் இல்லை, பிளக் என்று சொல்ல இன்னொருவர் ரோட்டைக் கடந்து வருவார். மூன்றாவது ஆள் வந்து சேர்வதற்குள் முதல் இருவருக்கும் வாக்குவாதம் முற்றியிருக்கும். ஐந்தாவது ஆள் வரும்போது, வண்டி யாருடையது என்பதையே எல்லோரும் மறந்திருப்பார்கள். உங்களைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, வெளிச்சத்தை மறைக்கிறே" என்பார்கள்.

வேலையற்றவர்களின் வம்பு என்று இதை நினைத்துவிடக் கூடாது. 1880-இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த ஊர் இயந்திரத்தோடு குடித்தனம் செய்த ஊர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்க்காரர்களின் தெருவிளக்கு எரிய மேலும் மூன்று வருஷம் ஆயிற்று. (இதை எந்தப் பெங்களூர்க்காரரைப் பார்த்தாலும் ஐந்தாவது நிமிஷத்துக்குள் நாங்கள் சொல்லிவிடுவோம்.) 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கத்தில் பம்பு ஓடவேண்டும், காற்று போகவேண்டும், ஆள் இறங்கி ஏறவேண்டும். அதற்கெல்லாம் தலைமுறை தலைமுறையாக ஃபிட்டர்கள், பம்ப் டிரைவர்கள், எலெக்ட்ரீஷியன்கள் இருந்தார்கள்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி, சுரங்கத்தை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸைப் பூட்டினார்கள். அத்தனை கைகளும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டன. வீட்டில் இருந்த இயந்திரங்கள் இரண்டே இரண்டு: ஒன்று மிக்ஸி, இன்னொன்று மகனுடைய மோட்டார் சைக்கிள். மிக்ஸியை வீட்டம்மா தொடவிடவில்லை.

அன்றிலிருந்து இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன் ஒவ்வொருவனும் ஆலோசனை மழையில் நனைந்துகொண்டேதான் ஓட்டுகிறான். அதில் பாதி தங்கம், பாதி தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய சைனைட் மண். எது எது என்று பிரிக்க எனக்கு ஒரு முறை உண்டு. நின்றுகொண்டு சொல்பவரை நம்பாதே. குந்திப் பார்த்துச் சொல்பவரை நம்பு. காரணம் எளிது. நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது டேங்க், சீட்டு, ஸ்டிக்கர் மூன்றும்தான். வண்டியின் வியாதிகள் எல்லாம் முழங்காலுக்குக் கீழேதான் குடியிருக்கின்றன. சங்கிலி, டயர், பிரேக் ராடு, பிளக், ஆயில் சொட்டும் இடம், எதையும் நின்றபடி பார்க்க முடியாது. அறுபது வயதுக்கு மேல் ஒருவர் உங்கள் வண்டிக்காகக் குந்துகிறார் என்றால், திரும்ப எழுந்திருக்கப் படப்போகும் பாட்டை உத்தேசித்தே குந்துகிறார். அவர் சும்மா பேசமாட்டார்.

எங்கள் சாம்பியன் ரீஃப் லைனில் ஒரு பெரியப்பா இருந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை. லைன் வீட்டில் சுவர் ஒட்டியிருந்தாலே பெரியப்பாதான். வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதில்லை. சைக்கிள்தான். ஆனாலும் மோட்டார் சைக்கிள் பற்றி எனக்குக் கிடைத்த உருப்படியான புத்திமதிகளில் பெரும்பங்கு அவருடையது.

வைண்டிங் டிரைவர் வேலை என்னவென்று தெரிந்தால் இது புரியும். அவர் மேலே என்ஜின் ஹவுஸில் உட்கார்ந்திருப்பார். கேஜ் நிறைய ஆட்கள் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். அவருக்கு ஆளும் தெரியாது, கேஜும் தெரியாது. ஒரு முள்ளையும் மணியையும் நம்பி, இருட்டில் ஆயிரக்கணக்கான அடி கீழே போகும் கூண்டைச் சொன்ன இடத்தில், உள்ளே இருப்பவனுக்குக் குலுங்காமல் நிறுத்தவேண்டும். ரோட்டில் நாய் குறுக்கே வந்தது, அதனால் சடன் பிரேக் போட்டேன் என்றெல்லாம் அவரிடம் போய்ச் சொல்ல முடியாது.

"நாய் எங்கேருந்து வந்துச்சு? ஆகாசத்துலேருந்தா?" என்பார். "நிக்கவேண்டிய இடத்துக்கு முன்னாடியே நிறுத்த ஆரம்பிக்கணும்டா. முதல்ல கையை முறுக்குறதை விடு. என்ஜின் பாதி நிறுத்தும். மிச்சத்தைப் பிரேக் நிறுத்தும்."

என்ஜின் பிரேக்கிங் என்று இன்றைக்கு யூடியூபில் அரைமணி நேரம் சொல்கிறார்களே, அது இந்த நாலு வாக்கியம்தான். ஆக்ஸிலேட்டரை மூடி, ஒவ்வொரு கியராகக் குறைத்து வந்தால் வண்டி தானே அடங்கும். முன்னால் போகும் லாரிக்கும் உங்களுக்கும் நடுவில் மூன்று விநாடி ஓடும் தூரம் விட்டால், நாய், ஆட்டோ, திடீரென்று திரும்பும் மாமா எல்லோருக்கும் அதில் இடம் உண்டு.

அவர் குந்தும் இடம் சங்கிலிதான். இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில் கீழ்ச்சங்கிலியை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பார். அது கவர்மேல் போய் இடித்தால் முகம் சுருங்கிவிடும். "இந்தக் கயித்துல ஆளை இறக்குவியா நீ?" சுரங்கத்தில் கயிற்றைத் தினமும் சோதிப்பார்களாம். நாம் சங்கிலியை, அது அறுந்து கிரேங்க் கேஸை உடைத்த பிறகு சோதிக்கிறோம். பெரும்பாலான வண்டிகளுக்கு ஓர் அங்குலம், அதற்குச் சற்று கூடக்குறைய ஆட்டம் இருக்கவேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எந்த இடத்தில் சங்கிலி அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்து அளக்கவேண்டும், ஏனென்றால் சங்கிலி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஒரேயடியாக இறுக்கினாலும் பேரிங் போகும். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, கியரில் ஓடவிட்டு, சங்கிலியில் துணியைப் பிடித்துத் துடைப்பவர்களைக் கண்டால் பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ரேஷன் கடையில ரேகை வைக்க எந்த விரலை வெச்சிருக்கே?"

இனி நின்றுகொண்டு சொல்பவர்களுக்கு வருவோம். இவர்களின் தலையாய போதனை: "முன் பிரேக் பிடிக்காதே, குப்புற விழுவே." தமிழ் கூறும் நல்லுலகம் முழுக்க இது பரவியிருக்கிறது. எங்கள் ஊரில் கன்னடத்திலும் தெலுங்கிலும்கூடக் கிடைக்கும். உண்மை நேர் எதிர். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. ரோட்டை அழுத்திப் பிடிப்பது அப்போது அந்தச் சக்கரம்தான். பின்சக்கரம் பாரம் இழந்து, ரோட்டைத் தடவிக்கொண்டு பின்னால் வரும். அதை மட்டும் மிதித்தால் வழுக்கும். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தவேண்டும். நல்ல தார் ரோட்டில் நேராகப் போகும்போது சொல்கிறேன். மணல் கிடக்கும் வளைவில் முன் பிரேக்கைக் கவ்விப் பிடித்தால் போதகர் சொன்னது பலித்துவிடும். ஜனங்கள் விழுவதெல்லாம் அங்கேதான். பழி மட்டும் பிரேக்மேல். கடைசியில் அரசாங்கமே பொறுமையிழந்து, 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ், 125 வரைக்கும் உள்ள சின்ன வண்டிக்குக் குறைந்தபட்சம் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு என்று சட்டம் போட்டுவிட்டது. அதற்குப் பிறகும் அந்த வண்டியை வாங்கி, முன் பிரேக் கைப்பிடியில் சாமந்திப்பூ சுற்றி வைத்திருப்பவரை எனக்குத் தெரியும்.

ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் குந்துகிறவர்களும் நிற்கிறவர்களும் ஒரே கட்சி. சுரங்கத்தில் தலையில் தொப்பி இல்லாமல் கேஜில் ஏறமுடியாது. முப்பது வருஷம் அந்தத் தொப்பியோடு வாழ்ந்தவர்கள், மேலே வந்து மோட்டார் சைக்கிள் ஏறியதும் தலைக்கு விடுதலை கொடுத்துவிட்டார்கள். "நான் ரிஸ்க்கெல்லாம் கீழேயே முடிச்சுட்டு வந்துட்டேன் தம்பி" என்பார் ஒரு மாமா. கர்நாடகத்தில் 2016-இல் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றபோது, அவர் தன்னுடைய பழைய சுரங்கத் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் போய்வந்தார். அந்தத் தொப்பி உச்சந்தலைக்கு மட்டும்தான் காவல். தாடையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. சுரங்கத்தில் கல், தலையைத் தேடி வரும். ரோட்டில் தலை, கல்லைத் தேடிப் போகும். இரண்டுக்கும் ஒரே தொப்பி ஆகாது என்று அவருக்கு விளக்கினேன். "அப்போ உன்னுது எங்கே?" என்றார். என்னுடையது தலையில்தான் இருந்தது. வாரும் போட்டிருந்தேன். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஆடிக் காற்றுக்கு எங்கள் ஊரில் தனி அத்தியாயம் உண்டு. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், சைனைட் மலைகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. 3 கோடி டன்னுக்கும் மேல் என்கிறார்கள். காற்று எழும்பினால் அதில் ஒரு பங்கு துணிக்கொடியிலும், ஒரு பங்கு சாம்பாரிலும், மிச்சம் ஏர் ஃபில்டரிலும் சேரும். அந்த மாதங்களில் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் அடிக்கடி ஃபில்டரைக் கழற்றித் தட்டவேண்டும். தட்டிய மண்ணைச் சேர்த்து வைத்தால் தங்கம் கிடைக்குமா என்று கேட்ட ஒரு மச்சான் உண்டு. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது மச்சான், ஒரு டன் மண்ணைக் குடிக்கும் வரைக்கும் உன் என்ஜின் இருக்காது என்றோம். கண்ணுக்கு வைசர் கண்டிப்பாக வேண்டும், அதுவும் நிறமில்லாத வைசர். கறுப்பு வைசர் பகலில் ஹீரோ, ராத்திரியில் குருடு.

2018-இல் 'கே.ஜி.எஃப்.' படம் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து கும்பல் கும்பலாக வருகிறார்கள். ஜாக்கெட், முழங்கால் கவசம், காதுக்குள் பேசும் கருவி, பூட்ஸ். எங்கள் ஆட்கள் லுங்கியும் ரப்பர் செருப்பும். (லுங்கியைப் பற்றி ஒரு வார்த்தை: மடித்துக் கட்டாமல் கிக்கர் உதைக்கக் கூடாது. இதற்கு மேல் விளக்கமாட்டேன்.) வந்ததும் சைனைட் மலையில் வண்டி ஏற்றவேண்டும் என்பார்கள். மழைத்தண்ணீர் அரித்து அரித்து அந்த மேடுகளில் ஆளை விழுங்கும் ஓடைகள் உண்டு. மேலே கெட்டியாகத் தெரியும் பொருக்கு சக்கரம் ஏறியதும் உடையும். வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள். ஊர் மணலில் ஓட்டியே ஆகவேண்டுமென்றால், கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் வண்டியை அதன் போக்கில் நெளியவிட்டு, ஆக்ஸிலேட்டரை விடாமல் சீராகக் கொடுக்கவேண்டும். பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் முன்சக்கரம் புதையும்.

அப்படி வந்த ஒரு பையனுடைய புத்தம்புது வண்டி ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் அருகே நின்றுவிட்டது. நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகிறது, கியர் போட்டதும் செத்துவிடுகிறது. பத்துப் பேர் கூடிவிட்டோம். கிளட்ச் கேபிள் என்றார் ஒருவர். தண்ணீர் கலந்த பெட்ரோல் என்றார் இன்னொருவர். பெமல் தொழிற்சாலையில் புல்டோசர் செய்து ஓய்வு பெற்ற ஒருவர், "இதெல்லாம் கம்ப்யூட்டர் வண்டி, கைவைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கைவைத்தார். ஆலோசனை உச்சத்தில் இருந்தபோது, தரையில் சாக்கு விரித்துப் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா, கனகாம்பரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தம்பி, அந்த சைடு ஸ்டாண்டைத் தூக்குப்பா" என்றார். தூக்கினான். ஓடியது. ஸ்டாண்ட் கீழே இருந்தால் கியரில் என்ஜின் அணைந்துவிடும்படி இப்போது வண்டி செய்கிறார்களாம். கவனியுங்கள், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஸ்டாண்டைச் சொல்லும் வழக்கம் நம் ஜனங்களிடம் உள்ள மகத்தான தர்மம். முன்பின் தெரியாத ஆள் கிலோமீட்டர் கணக்கில் துரத்தி வந்து, "ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்திவிட்டு, நன்றிக்குக்கூட நிற்காமல் போவார். சேலைத் தலைப்பு, துப்பட்டா சக்கரத்தருகே பறந்தாலும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் உடனே காது கொடுங்கள். பகலில் ஹெட்லைட் எரிவதைச் சொல்லும் தர்மம் மட்டும் காலாவதியாகிவிட்டது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் என்ஜின் ஓடினால் விளக்கும் எரியும், அணைக்க சுவிட்சே கிடையாது. ஆனாலும் பேத்தமங்கலம் போய்வருவதற்குள் எதிரே வருகிற பாதிப்பேர் விரல்களைக் குவித்து விரித்துக் குவித்து விரித்துக் காட்டுவார்கள். அணைக்க முடியாது என்று ஓடும் வண்டியிலிருந்து ஒரு கையால் விளக்குவது எப்படி? நான் தலையை மட்டும் ஆட்டி வைக்கிறேன். அவர்களும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு போகிறார்கள்.

இரவல் பற்றியும் சொல்லவேண்டும். வண்டியையும் கல்யாண மோதிரத்தையும் இரவல் கொடுக்காதே என்பார்கள். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இதைச் சட்டமாகவே எடுத்துக்கொள்ளலாம். 1955-இல் இங்கிலாந்துக் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து, பிறகு திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்த வண்டி அது. வெகுகாலம் வரைக்கும் அதற்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிக்காரன் அதில் ஏறினால், சும்மா போகும்போது நன்றாகவே ஓட்டுவான். மாடு குறுக்கே வந்ததும் கால் பழைய பழக்கத்துக்குப் போய், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். மாட்டுக்கு இதெல்லாம் தெரியாது. அதை ஸ்டார்ட் செய்வதும் ஒரு சடங்கு: ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை ஒரு துளி நகர்த்தி, விட்டு, பிறகு உதைக்கவேண்டும். முறை தவறினால் அது திருப்பி உதைக்கும். யெஸ்டி இன்னொரு ரகம். 1996 வரை மைசூரில் செய்த அந்த வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே கம்பி. ஸ்டார்ட் செய்துவிட்டு கியர் எங்கே என்று குனிந்து தேடியவர்கள் அநேகம்.

குளிருக்கு ஒரு மருந்து இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடிகாலை பெங்களூர் ரோட்டில் போனால் காற்று நெஞ்சைத் துளைக்கும். ஸ்வெட்டர் மட்டும் போதாது. கம்பளிக்குள் காற்று புகும். சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் ஒரு முழு செய்தித்தாளை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொள்ளவேண்டும். காகிதம் காற்றை விடாது. எங்கள் வட்டாரத்தில் தினத்தந்தி. ஞாயிற்றுக்கிழமை என்றால் இணைப்போடு, இன்னும் கதகதப்பு. இறங்கியதும் பிரித்து வாசித்துக்கொண்டே டீ குடிக்கலாம். ஆந்திரா பக்கம் வி.கோட்டா வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: எல்லைக்கு இந்தப் பக்கமே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அங்கே பெட்ரோல் விலை ஜாஸ்தி.

மாடு குறுக்கே நடந்தால் அதன் வால்பக்கமாகப் போகவேண்டும். மாடு பின்னால் நடக்காது. நாய் திரும்பி ஓடிவரும், அதனால் அது முடிவெடுக்கும் வரைக்கும் காத்திருக்கவேண்டும். ஒரு ஆடு கடந்தால் இன்னும் இருபது ஆடு பாக்கி. பள்ளத்துக்கு வேறு விதி: அதைப் பார்க்காதே. கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். பள்ளத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு போனவன் பள்ளத்தில்தான் போய் விழுவான். பக்கத்தில் இருக்கும் நல்ல ரோட்டைப் பார்க்கவேண்டும். எங்கள் ஊர் ரோடுகளில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மட்டும் இந்த வித்தையெல்லாம் செல்லாது. சுரங்க காலத்திலிருந்தே இயந்திரத்துக்குப் பூஜை போட்ட ஊர். இப்போது மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிறோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குப் பொட்டு, கடைசியில் திருஷ்டிப் பூசணிக்காய் நடுரோட்டில். ஒருவருடைய வண்டிக்கு வந்த கண்ணேறு, அவர் உடைத்த பூசணிக்காய் வழியாக, பின்னால் வருகிறவனுடைய வண்டிக்கு மாறிவிடும். அந்தச் சதையும் விதையும் ரோட்டில் நசுங்கிக் கிடந்தால் ஏபிஎஸ்ஸும் கைகொடுக்காது. போன வருஷம், தன் பேரனுடைய புது பைக்குக்கு ஒரு பெரிய காயை உடைக்கப்போன மாமாவிடம், "ஓரமா உடைங்க மாமா, டூவீலர்காரங்க வழுக்கி விழுவாங்க" என்றேன்.

மாமா காயைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார். "டூவீலர்காரனுங்க எல்லாம் ஓரமாத்தானேடா வர்றீங்க? அதனாலதான் நடுவுல உடைக்கிறேன்" என்றார்.